மீன் கடைசியில வரும்

முதல் மீன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில. அன்னைக்கு எனக்கு செகண்ட் இன்டர்னல். நீல டேங் மீன் அது. 'ஃபைண்டிங் நீமோ' பார்த்தவங்களுக்கு டோரின்னு சொன்னா புரியும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சொருகிக்கிட்டு, தூங்குற மாதிரி சாய்ஞ்சு கிடந்தது. தூங்குதுன்னே நினைச்சுட்டு பரீட்சை எழுதப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தா கோமாளி மீன் சோடியில ஒண்ணும் போயிருந்தது. மறுநாள் அதோட சோடி.

மூணு நாளைக்கு முன்னாடிதான் நாலு மீனையும் வாங்கிட்டு வந்திருந்தேன். ஏழாங்கிளாஸ் படிக்கிற என் தங்கச்சி எல்லாத்துக்கும் பேர் வெச்சு, ஒரு நோட்டுல எழுதியும் வெச்சிருந்தா. அந்த நோட்டை அப்புறம் எங்கே ஒளிச்சு வெச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. "உனக்கு வளர்க்கத் தெரியலைன்னா எதுக்கு வாங்கின?"னு ஒரே ஒரு தடவை கேட்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

காசைப் பத்தியும் சொல்லிடறேன். நம்ம காலேஜ்ல பாதிப் பேரு வாரக் கடைசியில கேட்டரிங் போறவங்கதான். நானும் போவேன். மீனுக்கு மட்டும் ஆறு முகூர்த்தம் பரிமாறின காசு. தொட்டி, ஃபில்டர், லைட் எல்லாம் தனிக்கணக்கு, அது பெரியப்பா பையன்கிட்ட வாங்கின கடன்.

இந்த ஆசை எப்படி வந்ததுன்னா, எங்க கிளாஸ்ல ஒருத்தன் கோட்டைப்பட்டினத்துக்காரன். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அவன் பேரு 'பட்டினம்'தான். வெளியூர்ப் பசங்களுக்குப் புதுக்கோட்டைன்னா ஜல்லிக்கட்டும் சித்தன்னவாசலும்தான். இதே மாவட்டத்துக்குக் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு பாக் நீரிணையில நீளமா ஒரு கடற்கரை இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. டவுன்ல பொறந்து வளர்ந்த நானே பட்டினம் வீட்டுக்கு ஒரு நோன்புப் பெருநாளைக்குப் போனப்பதான் நம்ம மாவட்டத்துக் கடலை ஒழுங்காப் பார்த்தேன். அலையே இல்லாத கடல். ஊருணி மாதிரி அமைதியா இருந்தது. அவங்க அத்தா விசைப்படகுல வேலைக்குப் போறவர். "கடல் தண்ணி வேணும்னா சொல்லு மாமா, எத்தனை கேன் வேணும்னாலும் அத்தா எடுத்துட்டு வருவாரு"ன்னு பட்டினம் விளையாட்டாச் சொன்னான். அவ்வளவுதான், நான் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்.

மூணடி நீளம், ஒண்ணே காலடி அகலம், ஒண்ணே காலடி உயரம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். முழுசா நிரப்பினா 132 லிட்டர். மேல விடுற இடைவெளி, மணல், கல்லு எல்லாம் போக 110 லிட்டர் தண்ணி பிடிக்கும். 20 லிட்டர் கேன் ஆறு. கரையோரத் தண்ணியில சேறும் டீசலும் இருக்கும்னு, படகு வெளியே போனப்ப அவரு அங்கேயே மொண்டு வெச்சார். கேனெல்லாம் அறந்தாங்கி வழியா மீன் வண்டியிலேயே புதுக்கோட்டைக்கு வந்து இறங்கிடுச்சு. நிஜக் கடல் தண்ணி. இதுல மீன் ஏன் சாகப்போகுதுன்னு நினைச்சேன். அஞ்சாவது நாளே திருச்சிக்குப் போய் மீன் வாங்கிட்டேன்.

செத்ததுக்கு அப்புறம்தான் டெஸ்ட் கிட் வாங்கினேன். வரிசையே தப்பு, தெரியுது. சின்னக் குழாய்ல தொட்டித் தண்ணி அஞ்சு மில்லி எடுத்து மருந்து சொட்டு விட்டா, அமோனியா இல்லைன்னா மஞ்சளா நிக்கும். இருந்தா பச்சையாகும். எனக்கு வந்தது நல்ல வாழையிலைப் பச்சை.

விஷயம் இதுதான். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா அமோனியாவை வெளியே தள்ளிக்கிட்டு இருக்கும். அதோட கழிவு, அது சாப்பிடாம விட்ட தீனி எல்லாமே அழுகி அமோனியாவாத்தான் ஆகும். கடல்ல அது பெரிய விஷயமே இல்ல, அவ்வளவு தண்ணி இருக்கு. 110 லிட்டர்ல அது விஷம். அந்த விஷத்தை முறிக்க ரெண்டு வகை பாக்டீரியா வேணும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ஓரளவு வரைக்கும் மீனுக்குப் பிரச்சினை இல்ல, அப்பப்ப தண்ணி மாத்தினா போயிடும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் மிதந்துக்கிட்டு இருக்காது. கல்லு, மணல், ஃபில்டர் ஸ்பாஞ்சு மேலதான் ஒட்டி வாழும். நான் கேன்ல கொண்டு வந்தது கடல் தண்ணியை மட்டும். கடல்ல குடியிருந்தவங்க யாரையும் கொண்டு வரல. அவங்க வந்து குடியேறிப் பெருக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது அஞ்சு நாள்.

இது ஒரு தப்பு. ரெண்டாவது தப்பு இன்னும் கேவலமானது. தொட்டியில தண்ணி தினமும் ஆவியாகிக் குறையும் இல்லையா, அந்தக் குறையை மிச்சம் இருந்த கடல் தண்ணியை ஊத்தி நிரப்பினேன். ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிடும்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான். நல்ல தண்ணிதான் ஊத்தணும். நாலு செமஸ்டர் முடிச்ச நான் உப்பு மேல உப்பு ஏத்திக்கிட்டு இருந்தேன். கடல் தண்ணியோட ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்கணும். கடன் வாங்கின ரிஃப்ராக்டோமீட்டர்ல என் தொட்டி 1.029 காட்டுச்சு. கடைத் தொட்டி எவ்வளவுன்னு போன் பண்ணிக் கேட்டேன். 1.019. ஒட்டுண்ணித் தொல்லை குறையும், உப்புச் செலவும் மிச்சம்னு நிறையக் கடைகள்ல அப்படிக் குறைச்சு வெப்பாங்களாம். மீனுக்கு உப்பு சட்டுனு குறைஞ்சாக்கூட ஓரளவு தாங்கிக்கும். சட்டுனு ஏறினா உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வெளியே போயிடும். கடைப் பையை வெட்டி மீனை நேராத் தொட்டியில கொட்டினப்ப, நான் செஞ்சது கிட்டத்தட்ட கருவாடு போடுற வேலை.

நாலுல ஒண்ணு மட்டும் பிழைச்சது. நீல டாம்செல். கட்டை விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன் அமோனியாவையும் உப்பையும் தாங்கிக்கிட்டு, மூணு பேர் செத்த இடத்துல தனியாச் சுத்திக்கிட்டு இருந்தது. தொட்டியைத் துடைக்கக் கையை விட்டா வந்து கடிக்கும்.

அந்த வாரம் பட்டினத்தோட அத்தா காலி கேனை வாங்கிட்டுப் போக வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்க தம்பி?"ன்னு கேட்டார். சொன்னேன். அவர் திட்டல.

"திங்கிறதுக்குப் புடிச்சா அதுல ஒரு ஞாயம் இருக்கு. இது எந்தக் கணக்குல வரும்?"

நான் பாக்டீரியா, ஆறு வாரம்னு என்னென்னமோ விளக்கிட்டு, "இன்னும் ரெண்டு வாரத்துல ஏதாவது மருந்து ஊத்தி ரெடி பண்ணிடலாம் மாமா"ன்னேன். கடையில பாட்டில்ல விக்கிற பாக்டீரியாவைத்தான் சொன்னேன்.

"ஏப்ரல் பதினஞ்சுல இருந்து 61 நாள் கடலையே சும்மா விடுறோம். எங்க வயித்தைக் கட்டிக்கிட்டு விடுறோம். உன் கண்ணாடிப் பொட்டி எம்மாத்திரம்?"

மீன்பிடித் தடைக்காலத்தைத்தான் சொன்னார். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கம் பண்ற காலம். அந்த ரெண்டு மாசமும் அவங்க வீட்ல எப்படி ஓடும்னு பட்டினம் ஒரு தடவை சொல்லியிருக்கான். மெஸ் பில் எப்பவும் ஜூன்லதான் அவனுக்குப் பாக்கி நிக்கும். அதனால அவர் சொன்னப்ப சிரிக்க முடியல. நானும் தடை முடியிற வரைக்கும் மீன் வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணினேன்.

டாம்செல்லை மறுபடி கடையிலேயே கொண்டுபோய் விட்டேன். காசு கேக்கல. அதை வெச்சுக்கிட்டே தொட்டியை ஓட்டியிருக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. ரெண்டு காரணத்துக்காக வேண்டாம்னு தோணுச்சு. ஒரு உயிரை அமோனியாவுல ஊறப்போட்டு பாக்டீரியா வளர்க்கிறது எனக்குப் பிடிக்கல. இன்னொண்ணு, டாம்செல் முதல்ல வந்துட்டா தொட்டி முழுக்க அதோட பட்டா நிலம் ஆயிடும். அப்புறம் வர்ற எந்த மீனையும் அது வாழ விடாது. ஹாஸ்டல் ரூம்ல முதல்ல வந்தவன் ஜன்னல் ஓரக் கட்டிலையும் ஒரே ப்ளக் பாயிண்டையும் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டானே, அதேதான். சாதுவை முதல்ல விடணும், சண்டியரைக் கடைசியில விடணும். கடல் மீன் தொட்டியில இதைவிட முக்கியமான வரிசை கிடையாது. கடையில முதல்ல கண்ணுல படுற வரிசை பெரும்பாலும் இதுக்கு நேர் எதிரா இருக்கும், ஏன்னா விலை மலிஞ்ச மீனெல்லாம் சண்டியர்தான்.

தொட்டியில பாதித் தண்ணியை மாத்தி உப்பைச் சரி பண்ணிட்டு, உரிச்ச இறால் ஒண்ணை உள்ளே போட்டேன். அது அழுகி அமோனியா கொடுக்கும், பாக்டீரியா அதைத் தின்னு பெருகும். "கிலோ என்ன விலை விக்கிற இறாலை எதுக்குடா அழுக விடுற?"ன்னு அம்மா கேட்டாங்க. நாலாவது நாள் ஹால்ல ஒரு வாடை வந்ததும் விலையைப் பத்தின கேள்வி நின்னு, வேற கேள்வியெல்லாம் ஆரம்பிச்சது. அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டார்.

தினம் ராத்திரி டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதினேன். அமோனியா ஏறி, ரெண்டு வாரம் நின்னு, மெதுவா இறங்குச்சு. அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறுச்சு. அஞ்சு வாரம் முடியும்போது ரெண்டுமே பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. கன்ட்ரோல் சிஸ்டம் பேப்பர்ல எத்தனையோ கிராஃப் வரைஞ்சிருக்கேன். ஒரு கிராஃப் நிஜமா என் கண்ணு முன்னாடி செட்டில் ஆனதை அன்னைக்குத்தான் பார்த்தேன். ஏப்ரல் கடைசி. தொட்டி ரெடி. மீன் விடலாம். ஆனா விடல. தடைக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது.

அந்த ஒன்றரை மாசமும் மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். இல்லைன்னா பாக்டீரியா பட்டினியில குறைஞ்சுடும். பார்க்கிறவங்களுக்கு நான் கல்லுக்குச் சோறு போடுற மாதிரி இருந்திருக்கும். காத்திருந்ததுல ஒரு லாபமும் கிடைச்சது. மே மாசப் புதுக்கோட்டை வெயில்ல தொட்டித் தண்ணி மதியம் 34 டிகிரியைத் தொட்டுச்சு. கடல் மீனுக்கு 25ல இருந்து 28 வரைக்கும்தான் வசதி. தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜனும் குறையும். மீன் இருந்திருந்தா மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருக்கும். மூடியை எடுத்துட்டு ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேல படுற மாதிரி வெச்சேன். மண்பானை எப்படிக் குளிருதோ அதே தத்துவம், ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஆனா ஆவியாகிறது ரெண்டு மடங்காகும், தினமும் ஆர்.ஓ. தண்ணி ஊத்தணும். மாசாந்திரப் பராமரிப்பு மின்தடைக்காக பேட்டரியில ஓடுற ஏர் பம்ப்பும் வாங்கினேன். கஜா மாதிரி ஒரு புயல் வந்து வாரக்கணக்குல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு தங்கச்சி கேட்டா. ஜெனரேட்டர் வெச்சிருக்கிற கல்யாண மண்டபத்துக்குத் தொட்டியைத் தூக்கிட்டுப் போவோம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

எந்த மீன் வாங்கறதுன்னு யோசிக்கவும் அப்பதான் நேரம் கிடைச்சது. டோரி முதல்லயே அடிபட்டுச்சு. கடையில மூணு இஞ்ச் இருக்கும், வளர்ந்தா ஒரு அடி. மூணடித் தொட்டியில ஒரு அடி மீன் எங்கே திரும்பும்? அதைவிட, இந்த வகை மீனைப் பண்ணையில குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கிறதுல அமெரிக்காவுல ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆளுங்க ஜெயிச்சதே 2016லதான். கடைக்கு வர்றது பெரும்பாலும் பவளப்பாறையில பிடிச்சதுதான். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் சில இடங்கள்ல சயனைடைப் பீச்சி மயக்கிப் பிடிக்கிற வழக்கமும் உண்டு. அப்படிப் பிடிச்ச மீன் கடையில நல்லாத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து செத்துப்போகும்.

பட்டினம் வேற ஒரு யோசனை சொன்னான். "நம்ம கடல் மீனையே விடேன்டா. ஓராக் குஞ்சு எவ்வளவோ கிடைக்குமே." வெளிநாட்டுக் கடைகள்ல ஃபாக்ஸ்ஃபேஸ்னு பெரிய விலைக்கு விக்கிறதும் நம்ம ஓரா குடும்பம்தான், எங்களுக்குத் தெரியாமலா! ஆனா ஓராவும் பெருசா வளர்ற மீன். முள்ளுல விஷம் வேற. அது குத்தினா எப்படி வலிக்கும்னு மாமா முகத்தைச் சுளிச்சுக் காட்டினதே போதுமா இருந்தது.

இன்னொரு நாள் படகுத்துறையில, எனக்குத் தெரியாத ஒருத்தர், வலையில வந்து விழுந்ததுன்னு உயிரோட ஒரு கடல்குதிரையைக் கப்புல போட்டு நீட்டினார். நான் தொட்டி வெச்சிருக்கேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. வாலைச் சுருட்டிக் கப்பு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. பொய் சொல்லல, கை நீண்டுடுச்சு. மாமாதான் குறுக்கே வந்து, "அதை வாங்கின, உனக்கு முன்னாடி நான் உள்ள போகணும்"னு சொல்லி, கப்போட வாங்கித் தண்ணியில கவுத்துட்டார். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 2001ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம்ம மாவட்டக் கடலும் தஞ்சாவூர்க் கடலும் சேர்ந்து 448 சதுர கிலோமீட்டர், 2022ல கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சதும் தெரிஞ்சிருக்கும். கடல்பசு மேயுற அந்தக் கடல்புல்லுலதான் கடல்குதிரையும் வாலைச் சுத்திக்கிட்டு நிக்கும். சட்டத்தை விடுங்க, அது உயிருள்ள சின்ன இரையைத்தான் நாள் முழுக்கக் கொறிக்கும். என் தொட்டிக்கு வந்திருந்தா பட்டினியிலேயே செத்திருக்கும்.

கடைசியில கோமாளி மீன்லதான் வந்து நின்னேன். பண்ணையில பொரிச்ச குஞ்சு. இது நம்ம ஊர்லயே நடக்குற விஷயம்தான். மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வெச்சுக் குஞ்சு வளர்த்தவங்க. அப்படிப் பொறந்த மீன் கடலைப் பார்த்ததே இல்ல. காய்ஞ்ச தீனி சாப்பிடும், கண்ணாடிக்குப் பழகியிருக்கும். அனிமோன் இல்லாமலும் இருந்துக்கும்.

ஜூன் மூணாவது வாரம் திருச்சிக்குப் போனேன், இந்தத் தடவை வேற கடை. மாடு வாங்கப் போறவங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி அரை மணி நேரம் நின்னு பார்த்தேன். செவுள் வேகமா அடிக்கக்கூடாது. துடுப்பை ஒடுக்கி வெச்சுக்கிட்டு மூலையில நிக்கக்கூடாது. உடம்புல உப்புத்தூள் தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது. அந்த மீன்ல மட்டும் இல்ல, அதே தண்ணியில இருக்கிற எந்த மீன்லயும் இருக்கக்கூடாது. கடைசியா, "அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க"ன்னேன். சலிச்சுக்கிட்டேதான் போட்டார். ரெண்டு குஞ்சு ஓடி வந்து சாப்பிட்டுச்சு. ஒண்ணு சின்னது, ஒண்ணு கொஞ்சம் பெருசு. தண்ணியோட உப்பைக் கேட்டேன், 1.020. அங்கே நின்னுக்கிட்டே தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். வீட்ல தனியா வெச்சிருந்த 40 லிட்டர் டப்பாத் தண்ணியில ஆர்.ஓ. தண்ணி கலந்து, அவளே ரிஃப்ராக்டோமீட்டர்ல பார்த்து 1.020க்குக் கொண்டு வந்தா.

அந்த டப்பாதான் தனிமைப்படுத்தல் வார்டு. கொரோனாவுல நாம பட்டது, மீனுக்கும் அதேதான். நாலு வாரம். உள்ளே ஒளியறதுக்கு ரெண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, பெரிய தொட்டியில ஊறிக் கிடந்த ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒண்ணு, அவ்வளவுதான். நோய் இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குள்ள போயிட்டா, எல்லா மீனையும் வெளியே எடுத்துட்டு ரெண்டரை மாசம் தொட்டியைக் காலியாப் போடணும். மறுபடி ஒரு தடைக்காலத்துக்கு எங்க வீட்ல யாரும் சம்மதிக்க மாட்டாங்க.

மீனை மாத்துறதுக்கு மெடிக்கல் ஷாப்ல குளுக்கோஸ் ஏத்துற ட்ரிப் செட் ஒண்ணு வாங்கினேன். ஊசியை எடுத்துப் போட்டுட்டா அருமையான கருவி அது. சக்கரத்தை உருட்டினா நொடிக்கு ரெண்டு சொட்டுன்னு துல்லியமா நிக்கும். பை கட்டி ரெண்டு மணி நேரம் கூட ஆகல. முதல்ல இருபது நிமிஷம் பையைப் பிரிக்காமலே தண்ணியில மிதக்க விட்டேன், சூடு சமமாக. அப்புறம் மீனோட ஒரு வாளியில ஊத்தி, டப்பாத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம் விட்டேன். லைட்டை அணைச்சுட்டேன். மீனை மட்டும் கோரி எடுத்து டப்பாவுல விட்டுட்டு, வாளித் தண்ணியை வாசல்ல கொட்டினேன். கடைத் தண்ணி ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது.

சென்னையில இருந்து பார்சல்ல வரவழைக்கிறவங்க மட்டும் இந்தச் சொட்டு வைத்தியம் பண்ணாதீங்க. ராத்திரி முழுக்க மூடின பையில மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால தண்ணியோட பி.எச். இறங்கி இருக்கும். அதனாலதான் உள்ளே சேர்ந்த அமோனியா கடிக்காம அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து காத்துப் பட்டதும் பி.எச். ஏறி, அதே அமோனியா விஷமாயிடும். அதுலேயே ஒரு மணி நேரம் வெச்சிருந்தா நாமளே கொல்றோம். கடையில முன்னாடியே உப்பு அளவைக் கேட்டு டப்பாவைத் தயார் பண்ணி வெச்சுட்டு, சூடு சமமானதும் சட்டுனு மாத்திடணும்.

நாலு வாரத்துல டப்பாவோட உப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 1.025க்குக் கொண்டு வந்தேன். ஜூலைக் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு ரெண்டையும் பெரிய தொட்டியில விட்டோம். நாலரை மாசமாக் கல்லு மட்டும் இருந்த தொட்டி. தங்கச்சி போன் வெளிச்சத்தைக்கூட அடிக்க விடல. காலையில அஞ்சரைக்கு அவதான் என்னை எழுப்பினா, "ரெண்டும் இருக்கு"ன்னு.

போன வாரம் மாமா மறுபடி வந்தார். தீனி போட்டப்ப ரெண்டும் மேல வந்து மோதறதைப் பார்த்துட்டு, "இதுல எது ஆம்பள?"ன்னு கேட்டார். "பொறக்கும்போது எல்லாமே ஆம்பளதான் மாமா. பெருசா வளர்றது பொம்பளையா மாறிடும். அது செத்தா, கூட இருக்கிற ஆம்பள பொம்பளையாகும்"னேன். கொஞ்ச நேரம் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன படிக்கிற நீ?"ன்னு கேட்டார். "ஈ.சி.இ. மாமா." "ம்"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சார். போகும்போது ஐஸ் பெட்டியில இருந்து ஒரு கைப்பிடி பொடி இறாலை எடுத்துக் கொடுத்து, "பொடிசா நறுக்கிப் போடு, இது அழுகறதுக்கு இல்ல"ன்னார்.

இப்ப டப்பாவுல ஒரு கோபி மீன் இருக்கு. மணலைச் சலிச்சுக்கிட்டே இருக்கும், சாது. இன்னைக்குப் பத்தொம்பதாவது நாள். வலது பக்கத் துடுப்புல ஒரு வெள்ளைப் புள்ளி மாதிரி தெரியுது. மணலாவும் இருக்கலாம். தங்கச்சி இன்னும் பேர் வைக்கல, 28 நாள் முடியட்டும்னு சொல்லிட்டா.